காடாத்துணியில் நின்றவள்

அம்மா தம்பியைப் பெற்றுக்கொள்ள எங்கள் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போனபோது, என்னை டாலிகஞ்சில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அப்பாவுக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. அத்தை அவருடைய கூடப்பிறந்த அக்காதான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கியவள். யார் கேட்டாலும் அப்பா இந்த இரண்டையும் சொல்வார். அவள் படம் வரைவதையும் கோர்ட்டுக்கு அலைவதையும் சொல்லமாட்டார்.

"ராஞ்சிக்காரங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணுனா, பட்டம் குடுத்துட்டாங்க. அதோட விட வேண்டியதுதானே" என்று அம்மாவிடம் மட்டும் முணுமுணுப்பார்.

ராஞ்சிக்காரர்கள் என்று தீவில் சொல்வது, மரம் வெட்டுவதற்காகத் தலைமுறைகளுக்கு முன்னால் ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்ட கூலிக் குடும்பங்களை. காட்டை வெட்டி முடித்தபின் அவர்கள் காட்டோரமாகவே தங்கிவிட்டார்கள். சௌல்தாரிக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் அப்படிக் கொஞ்சம் குடிசைகள் இருந்தன. அந்த மண் அவர்களுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. காலி செய்யச் சொல்லி சர்க்கார் ஆட்கள் வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அத்தை அவர்களுக்காக வழக்குப் போட்டாள். கூடவே, அந்தச் சரிவில் வாழ்ந்து செத்தவர்களை வரையவும் தொடங்கினாள். ஒருவருக்கும் போட்டோ கிடையாது. பிள்ளைகளும் பேரர்களும் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஆளுயரக் காடாத்துணியில் கரியால் வரைவாள்.

இதெல்லாம் எனக்கு முன்கூட்டித் தெரியாது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். பள்ளிக்கூடப் பையோடு கூடத்துக்குள் நுழைந்த நான், சுவரோரமாக வரிசையாக நின்றவர்களைப் பார்த்துப் பழக்கத்தில் வணக்கம் சொல்லிவிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. கொடியில் தொங்கிய துணிகள் லேசாக ஆடின.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பரவாயில்ல, சொல்லு. அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல" என்றாள்.

வருகிறவர்களுக்கு முகத்தை விவரிக்கத் தெரியாது. கண்ணில் பட்ட ஆளைக் காட்டுவார்கள். என் தாத்தாவுக்குக் கோழிக்கடைக்காரர் மாதிரிக் காது என்பார்கள். அத்தை மறுநாள் போய்க் கோழிக்கடைக்காரரின் காதைப் பார்த்துவிட்டு வருவாள். அந்தக் கூடத்தில் செத்தவர்கள் எல்லாரும் டாலிகஞ்சில் உயிரோடு திரிகிறவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் இரவல் வாங்கி நின்றார்கள். சாமான் வாங்கப் போனால், கடையில் நிற்பவரின் மூக்கை எங்கே பார்த்தோம் என்று யோசித்துக்கொண்டே மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிடுவேன்.

ஒரு மத்தியானம், மழைக்கு நடுவே, அந்தச் சரிவிலிருந்து ஒரு கிழவி வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். காடு வெட்டிய காலத்தில் அவளுடைய அக்கா காய்ச்சலில் செத்துப்போனாளாம். அக்காவுக்கு என் வயது இருக்கும். அப்பன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வந்து உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. இதைத் தீவின் இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மூஞ்சி எப்படி இருக்கும்?" என்று அத்தை இந்தியில் கேட்டாள்.

"யாத் நஹீ" என்றாள் கிழவி. நினைவில்லை. பிறகு என்னைக் காட்டி, "இத்னீ தீ" என்றாள். இவ்வளவு உயரம் இருந்தாள்.

அத்தை தரையில் ஒரு புதுத் துணியை விரித்தாள். "கொஞ்சம் படுக்கிறியா கண்ணு?" என்றாள்.

படுத்தேன். தரையின் ஈரக்குளிர் முதுகில் ஏறியது. கரிக்கட்டை காதோரம் உரசிக்கொண்டு போய், தோளில் இறங்கி, விரல் விரலாகச் சுற்றியது. யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்து பார்த்தபோது நான் இன்னும் அங்கேயே கிடந்தேன். என் இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருக்கும். அதுவும் அப்படியே இருந்தது. முகம் மட்டும் இல்லை. கடைசிவரை அத்தை அதற்கு முகம் வரையவில்லை.

கிழவி அதன் பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு எழுந்து வந்து, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "தீதீ" என்றாள்.

அக்கா என்று அர்த்தம். நரைத்த தலையும் சுருங்கிய கன்னமுமாக ஒருத்தி என்னை அக்கா என்கிறாள். அதற்குப்பின் அவள் அடிக்கடி வந்தாள். முந்தானையில் கொய்யாப்பழம் முடிந்து வருவாள். நான் போகுமிடமெல்லாம் பின்னால் வருவாள். என்னோடு பேசும்போது அவள் குரல் மெலிந்து ஒரு சின்னப் பெண்ணின் குரலாகிவிடும். பயமாக இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். "கூப்பிட்டா பதில் சொல்லு, போதும்" என்றாள்.

ஒருநாள் கிழவி கேட்டாள், "தீதீ, இத்னே தின் கஹாங் தீ?" இத்தனை நாள் எங்கே இருந்தாய்?

"வஹீங்" என்றேன். அங்கேதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவள் தெரிந்த விஷயம்போலத் தலையாட்டினாள்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. குடிசைகளை இடிக்க மெஷின் கிளம்பிவிட்டதாம். அத்தை துணிகளையெல்லாம் சுருட்டி வாடகை ஜீப்பில் போட்டாள். என்னைத் தனியே விட முடியாமல் என்னையும் ஏற்றிக்கொண்டாள். சரிவு முழுக்க மழைமூட்டம். குடிசைகளுக்குப் பின்னால் பாக்கு மரங்களுக்கு இடையில் கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டார்கள். சனங்கள் முன்னால் திரண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கிழவி.

மஞ்சள் மெஷின் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. கிழவி நகரவில்லை. அதுவும் நிற்கவில்லை. அதன் இரும்புக்கை அவள் தலைக்கு மேல் வந்தபோது யாரோ அவளை இழுத்துக்கொண்டார்கள். மெஷின் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு சட்டென்று நின்றது.

டிரைவர் தமிழர். எட்டிப் பார்த்து, "சார், உள்ள ஒரு பச்சி நிக்குது, சின்னப் பொண்ணு" என்றார்.

"எந்தப் பச்சி?" என்றார் கீழே நின்ற அதிகாரி.

டிரைவர் கை நீட்டினார். ஜீப்பிலிருந்து நானும் பார்த்தேன். மூட்டத்துக்குள் மரத்துக்கு மரம் ஆட்கள் நின்றார்கள். நடுவில், இடது கால் உள்பக்கம் திரும்பியபடி ஒரு சிறுமி. காற்றில் மற்றவர்கள் எல்லாரும் ஆடினார்கள். அவள் ஆடவில்லை. நான் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நான் ஏத்த மாட்டேன் சார்" என்று சொல்லி டிரைவர் இறங்கிவிட்டார். அதிகாரி போய்த் துணியை விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய கரியைக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். மெஷின் பின்வாங்கி இறங்கியது.

ஊரே சத்தம் போட்டுச் சிரித்தது. கிழவி மட்டும் அத்தையிடம் வந்து அந்தத் துணியைக் கேட்டாள். துணிகளையெல்லாம் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அத்தை நினைத்திருந்தாள். இருந்தும் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். குடிசைக்குப் பக்கத்தில் நீளமாகக் குழி தோண்டினார்கள். துணியை மடிக்காமல் கிடத்தினார்கள். கிழவி என்னைத் தேடி வந்து கையில் ஒரு பிடி ஈரமண்ணை வைத்தாள். நான் என் மேலேயே மண்ணைப் போட்டேன். முதலில் கால் மறைந்தது.

முடிந்ததும் அவள் என் கையைக் கழுவிவிட்டாள். "ஜா பேட்டீ" என்றாள். போ மகளே. அதற்குப்பின் அவள் என்னை ஒருநாளும் தீதீ என்று கூப்பிடவில்லை.

மெஷின் மறுபடி வந்தது, வேறு டிரைவரோடு. மேல்வரிசைக் குடிசைகள் போயின. மற்றவர்களுக்கு நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் மனைப்பத்திரம் கிடைத்தது. அதற்குள் கிழவி இறந்துவிட்டாள். அக்கா பக்கத்திலேயே அவளையும் புதைத்தார்கள் என்று அத்தை சொன்னாள்.

துணியைப் புதைத்துவிட்டு அன்று ஜீப்பில் திரும்பினோம். சௌல்தாரி தாண்டியபின் அத்தை, "அந்தம்மா காலையிலேருந்து முன்னாடி நின்னா. உயிரோட நின்ன அவளுக்கு மெஷின் நிக்கல, பாத்தியா" என்று வெளியே பார்த்தபடி சொன்னாள். துணி போய்விட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற துணி இருக்குல்ல அத்தை. நான் திரும்பப் படுக்கிறேன்" என்றேன்.

அத்தை சட்டென்று திரும்பி, கரி படிந்த கையால் என் வாயைப் பொத்தினாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை. உதவுகிறேன் என்றுதானே சொன்னேன், அதற்கு ஏன் அவள் என் வாயை அப்படிப் பொத்துகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.