சீனி வருத்தம்

திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்த புதிதில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மல்லிகாவிடம், "எனக்கு வருத்தம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதக்கா, எல்லாம் சரியாப்பூடும்" என்றாள். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய், இங்கே மனக்கவலை. அங்கும் தமிழ்தானே என்று நம்பிக் கடல் கடந்தவர்களுக்கு இந்தச் சறுக்கல் புரியும். எனக்கோ அந்த ஒரு சொல் இரண்டு வருடங்களைத் தின்றது.

தொண்ணூறில் நானும் கணவர் நடேசனும் இங்கு வந்தபோது கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை கிடைத்தது. எனக்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வரும். ஊரில் இருந்தவரை, பயமும் ஓட்டமும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இங்கே குண்டுச் சத்தம் இல்லை, மாதவிலக்கும் இல்லை. முதலில் பார்த்த டாக்டர், வீட்டில் யாருக்காவது ஏதும் நோய் உண்டா என்று கேட்டார்.

"அம்மாவுக்குச் சீனி வருத்தம்."

"பாவம், சண்டையில அங்க சீனி கூட கிடைக்கலையா?" என்று பரிதாபப்பட்டு, முட்டை வளர மாத்திரை எழுதினார். அவர் நல்லவர். ஆனால் என் இரத்தத்தைச் சோதிக்கவில்லை. மாத்திரையும் பலிக்கவில்லை.

என் கழுத்தில் அப்போது கறுப்புப் படை ஒன்று தடித்திருந்தது. மல்லிகா அதை அழுக்கென்றே நம்பினாள். "கல்ல மாவு போட்டுத் தேய்க்கா" என்றாள். தோல் உரியும்வரை தேய்த்தேன். புண்ணானதும் அவளே பயந்து, ஆவடியில் புதிதாக வந்திருந்த பெண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் புண்ணை விட்டுவிட்டுக் கறுப்பையே பார்த்தார்.

"வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா?"

"ஓம், அம்மாவுக்குச் சீனி வருத்தம் எண்டு முந்தின டொக்டரிட்டயும் சொன்னனே."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்ய, சக்கரை வியாதியா! இவ்ளோ நாளா இத்தத்தான் சொல்லிகினு கீறியா?"

எனக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "உங்க உடம்புல இன்சுலின் இருக்கும்மா. ஆனா அது சொல்றதை உடம்பு கேக்கல. அதனால இன்னும் இன்னும் சுரக்குது. அந்த அதிக இன்சுலின் சினைப்பையில ஆண் ஹார்மோனைக் கூட்டிடுது. முட்டை பாதியிலேயே நின்னுடுது."

"அப்ப நான் மலடி இல்லையோ, டொக்டர்?"

"யாரு சொன்னது? முதல்ல சர்க்கரையைப் பிடிப்போம்."

பிடித்தோம். மாத்திரை, அளந்த சோறு, விடியற்காலையில் ரயில் நிலையம் வரை நடை. மல்லிகாவும் கூட நடந்தாள். நான் கதைப்பதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஐந்தாம் மாதத்திலிருந்து மாதவிலக்கு நாள் தவறாமல் வந்தது. வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தபடியே நான் சிரித்ததைப் பார்த்து நடேசன் திகைத்துப்போனார். பத்தாம் மாதம் மறுபடி நின்றபோது, தோற்றுவிட்டேன் என்று அழுதேன். பரிசோதனைத் தாளைப் படித்த டாக்டர், "அழாதீங்க, இது வேற கணக்கு" என்றார்.

பிறகு மாத்திரைக்குப் பதில் ஊசி. எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலின் குப்பி மல்லிகாவின் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் நானே தொடையில் குத்திக்கொண்டேன். மூன்று கிலோவில், வீறிட்டுக்கொண்டு, என் மகள் பிறந்தாள். ஊரில் வீடு இடிந்ததற்கும் அழாத நடேசன், ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "எனக்கு மகள், எனக்கு மகள்" என்று சொல்லி அழுதார்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப, போன வாரம் அவள் குரலை கேசட்டில் பதிந்தோம். "அம்மம்மாவோட கதை பிள்ளை" என்றேன். மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு அவள் கத்தினாள்: "அம்மம்மா, இன்னா பண்ணிகினு கீற? சாப்ட்டியா?"

அழித்துவிட்டு எங்கள் தமிழில் சொல்லவைக்கலாமா என்று விரல் பொத்தான்வரை போனது. அழிக்கவில்லை. அவள் முடித்த இடத்திலிருந்து நான் தொடங்கினேன்: "அம்மா, இது உங்கட பேத்திதான். என்ன கேக்கிறாள் எண்டு நான் சொல்லுறன், கேளுங்கோ..."