சால்விங் பிரித்த மூட்டைகள்

புயல் வடக்குத் தீவுகளைப் புரட்டிப் போட்ட மறுவாரம், எங்கள் பங்குக் கோவில் கூடத்தில் உதவிச் சாமான்கள் கூரை முட்டக் குவிந்தன. பிரித்து அடுக்க எட்டுப் பெண்கள் போனோம். முன்னால் நின்றவள் சால்விங். பனாய்த் தீவின் கரையோரம் எங்கள் ஊர். அங்கே முப்பது வருடமாக வீடு வீடாகப் போய்த் துணி துவைப்பவள். புருஷனைக் கடல் கொண்டுபோனது, பிள்ளை இல்லை. மோந்து பார்த்தே இது இன்னார் வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாள்.

முதல் மூட்டையைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறை படிந்த உள்ளாடைகள். ஒற்றைச் செருப்பு. ஊதிப் பருத்த மத்தி மீன் டப்பாக்கள். எறும்பு மொய்த்த பாதி ரொட்டி.

"சீ! குப்பை வண்டி வரலைன்னு கோவிலுக்கு அனுப்பிட்டாங்களா?"

"மெதுவா பேசுக்கா, சாமியார் காதுல விழப்போகுது," என்றேன்.

"விழட்டும். பூசையில அள்ளிக் குடுங்கன்னாரே, வந்து மோந்து பார்க்கட்டும்."

அரிசி ஆலைக்கார வீட்டு ஔரேலியா அம்மாளின் மூட்டைகள் காரில் வந்தன. அம்மாளும் கூடவே வந்து நின்றாள். சால்விங் ஒரு ஊதாநிற இரவு அங்கியை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இதை போன மாசம் நான்தானேம்மா துவைச்சேன். கறை போகலை, தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன். தூக்கிப் போட்ட இடம் இதுதானா?"

"ஒண்ணுமில்லாதவங்களுக்கு இது போதாதா சால்விங்?"

"அப்போ ஞாயித்துக்கிழமை பூசைக்கு இதை உடுத்திக்கிட்டு வாங்க."

அன்றோடு அந்த வீட்டு வேலை போயிற்று.

கோபம் அடங்காமல் என்னை இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். "குடுக்கறதுன்னா என்னன்னு நான் காட்டறேன் வா." அவள் தங்கை நெலியா இத்தாலியில் படுக்கையில் கிடக்கும் கிழவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸ் தோறும் ஒரு பெரிய பெட்டி அனுப்புவாள். பதினோரு வருடம் வந்ததை சால்விங் தொட்டதில்லை. நல்லது கெட்டதுக்கு ஆகும் என்று அப்படியே கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருந்தாள்.

முதல் பெட்டியைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கம்பளிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. சோப்பு உருகித் துண்டுகளோடு ஒட்டிப் பச்சையாகப் பூத்திருந்தது. சாக்லேட்டில் புழு. உதறிய விரிப்பு மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்தது.

சால்விங் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி ஊரான் பீயைத் துடைச்சு வாங்கினதுடி இதெல்லாம். அந்த ஔரேலியாவை விட நான் கேவலம். அவளாவது உடுத்திட்டுக் குடுத்தா."

சுவரில் சேசுவின் படம் இருந்தது. அவள் அதன் பக்கமே பார்க்கவில்லை.

இரண்டு நாள் வேகவைத்து, துவைத்து, வெயிலில் போட்டாள். தேறியது நான்கு கம்பளியும் ஆறு துண்டும்தான். அவற்றின்மேல் தான் படுக்கும் கொசுவலையையும், தன்னை அடக்கம் செய்யும்போது உடுத்த வைத்திருந்த வெள்ளைக் கவுனையும் மடித்து வைத்துக் கோவிலுக்குத் தூக்கி வந்தாள்.

சாமியார் பதறினார். "கொசுவலை வேண்டாம் சால்விங். நீ எப்படித் தூங்குவ?"

"எடுத்துக்கங்க சாமி. வீட்டுல சாமான்னு எதைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பா இருக்கு."

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பெட்டி வந்ததும் வாசலிலேயே பிரித்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டது. ஒரு சோப்பை மட்டும் எடுத்து அன்றே குளித்தாள். விஷயம் தெரிந்து நெலியா போனில் கத்தினாள்.

"உனக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினேன்! ஊருக்கா அனுப்பினேன்?"

"இனிமே பெட்டி வேணாம்டி. அந்தக் காசுக்கு டிக்கெட் எடுத்து நீ வா."

இரண்டு மாதம் நெலியா பேசவில்லை. பிறகு ஈஸ்டருக்கு வந்தாள். பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவள், அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா, எலி நாத்தம் அடிக்குது?"

"எவ்வளவு தேய்ச்சும் போகலைடி," என்றாள் சால்விங். "நீ ஜன்னல் பக்கம் படுத்துக்க."