வீங்கிய டயர்

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய தைலமரத் தோப்பில், வெட்டிய கட்டைகளை லாரியில் ஏற்றும் லோடர் வண்டியை நான் ஓட்டுகிறேன். கான்ட்ராக்ட் வேலைதான். தினமும் காலையில் நான்கு டயரையும் தடவிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டேன்.

அன்றைக்கு முன் டயரின் பக்கவாட்டில் வெட்டுப்பட்டு, உள்ளங்கை அளவுக்கு வீங்கியிருந்தது.

"இந்த லோடு ஏத்திட்டு மாத்திக்கலாம்மா. லாரி காத்துக்கினு நிக்குது," என்றார் சூப்பர்வைசர்.

"தூக்கும்போது வெடிச்சா வண்டியே சாஞ்சிடுமுங்க. நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். முன்பின் தெரியாதவர். அவரும் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ குனிந்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் திரும்பினார்.

"அந்தம்மா சொல்றது சரிங்க. கட்டை சரிஞ்சா எங்க தலைமேலதான் வுழும். டயர மாத்துங்க, சாயங்காலம் ஆனாலும் நான் இருக்கேன்."

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே மந்தாரக்குப்பம் டயர் கடைக்குப் போன் செய்தார். மதியத்துக்குமேல் டயர் வந்தது. லோடை நானே ஏற்றினேன். என் வேலையும் போகவில்லை.

அதுவரை வண்டிக்காகத்தான் டயர் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது பக்கத்தில் நிற்கிற ஆட்களுக்காகப் பார்க்கிறேன். யார் அவசரப்படுத்தினாலும் பார்த்து முடித்த பிறகுதான் ஏறி உட்காருவேன்.