9900 பேட்டரியும் தண்ணி நண்டும்

கரண்ட் கட்டுக்குப் பயந்து, இன்று காலை கோவளம் பஸ் ஸ்டாப் கடையில் டார்ச்சுக்கு ஒரு லித்தியம் பேட்டரி வாங்கினேன். அதன்மேல் கொட்டை எழுத்தில் 9900 எம்.ஏ.எச். என்று இருந்தது. அளவு காட்ட எடுத்துப்போன என் பழைய பேட்டரி வெறும் 2200தான். புதியது விலையும் குறைவு. விடுவேனா?

அப்படியே நண்டு வாங்கப் போனேன். பர்ஸை எடுக்கும்போது இரண்டு பேட்டரியும் செல்வியக்காவின் நண்டுக் கூடையில் விழுந்தன.

அவர் கைக்கு ஒன்றாக எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டும் ஒரே சைஸு. புச்சு மட்டும் லேசா கீதே? தண்ணி நண்டு மாரி."

"தண்ணி நண்டா?"

"ஓடு பெர்சா இருக்கும் சார். உள்ள சதையே இருக்காது."

"இது புது டெக்னாலஜி அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்.

வீட்டில் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, மீட்டர் வைத்து அளந்தேன். தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை. அச்சடித்தவர் கை தவறி ஒரு ஒன்பதைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் போல.

செல்வியக்காவை மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"என்னங்க, எந்த நண்ட உடைச்சாலும் உள்ள ஒண்ணுமே இல்ல!"

அப்போதுதான் உறைத்தது. என் பேட்டரியை அவ்வளவு நேரம் தூக்கிப் பார்த்தவர், நண்டை என் கையில் கொடுக்கவே இல்லை. நேராகப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்.

நண்டுக்கு மீட்டர் யாரிடமாவது இருக்கிறதா?