பென்சில் ஏறாத படம் வேண்டாம் என்றவர்

"தவமணி அண்ணன் போயிட்டாருண்ணே" என்று என்னோடு வேலை பார்த்த இளையவர் செல்வம் கைபேசியில் சொன்னபோது, கோச்சடை மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். கூடவே, "நல்ல மனுஷன். வேலையிலதான் ரொம்ப மெதுவு. இனிமே சுவர்ப்படமெல்லாம் வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க" என்றார். பரவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கின் கணினித் துறையில் தவமணியோடு பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த 'மெதுவு' என்ற சொல்லை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தேர்வு மென்பொருளை நாங்களே எழுதினோம். பராமரிப்பு தவமணியின் பொறுப்பு. எந்தப் பகுதி எதைக் கேட்டு இயங்குகிறது என்று ஒரு பெரிய தாளில் பென்சிலால் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். தாளைத் திருத்தாமல் நிரலில் ஒரு வரியைத் தொட விடமாட்டார். வீட்டுச் சுவருக்குள் ஒயர் போகும் வழியைக் குறித்து வைத்தால், பின்னால் ஆணி அடிப்பவர் தப்பிப்பார் அல்லவா? அதே காரியம்தான்.

ஒருமுறை, பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு, எழுதாத முதலாண்டுத் தாள்களெல்லாம் 'தோல்வி' என்று வந்தன.

"ரெண்டே வரிண்ணே, இந்தா போட்டுர்றேன்" என்றார் செல்வம்.

தவமணி சுவரைக் காட்டினார். "ரிசல்ட்டு மட்டுமா இதைக் கேக்குது? எம்புட்டு அம்பு போகுதுன்னு எண்ணுய்யா. சான்றிதழும் கேக்குது."

அன்று இரண்டு வரியோடு விட்டிருந்தால், தேர்ச்சிப் பட்டியலில் ஜெயித்த பிள்ளை சான்றிதழில் தோற்றிருப்பாள். வேலை கேட்டுப் போய் நின்ற இடத்தில்தான் அது அவளுக்கே தெரிந்திருக்கும்.

ஆய்வுக் குழு வருகிறது என்று ஒரு வருடம் அலுவலகத்தில் அந்தத் தாளை லேமினேட் செய்துவிட்டார்கள். தவமணி பிளேடு எடுத்து அறுத்தார். "சாமி படமாய்யா இது? பென்சில் ஏறுமா? அழகா இருந்து பொய் சொல்ற படத்துக்கு, படமே இல்லாம இருக்கலாம்."

அவரும் தவறினார். அக்கா வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நிரலை மாற்றினார், தாளை மறந்தார். தாளை நம்பி செல்வம் செய்த அடுத்த மாற்றத்தில் ஹால் டிக்கெட்டெல்லாம் குளறுபடி. எல்லோரும் செல்வத்தைத் திட்டினார்கள். தவமணி அந்தக் கட்டத்தின்மேல் சிவப்பில் எழுதினார்: 'இது பொய் சொன்னது. சொல்ல வைத்தவன் தவமணி.' கடைசிவரை அதை அவர் அழிக்கவில்லை.

துறையில் நடந்த இரங்கல் கூட்டத்திலும் 'மெதுவு' வந்தது. நான் எழுந்தேன். "துணைத்தேர்வு விதி மாறப்போகுதாம். நிரல்ல எங்கெங்க கை வைக்கணும்? யாராவது சொல்லுங்க."

எல்லோரும் தாள் கழற்றப்பட்ட வெற்றுச் சுவரைப் பார்த்தார்கள். "ஒரு வாரம் குடுங்கண்ணே, படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்றார் செல்வம்.

"தவமணி சுவரைப் பார்த்துட்டு நின்ன இடத்துலயே சொல்லுவாரு. இப்ப யாருய்யா மெதுவு?"

தெரியாத இடத்தில் கை வைக்க மறுக்கும் அவருடைய பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை துறைக்குப் போகிறேன். மேலே என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், செல்வம் என்னோடு உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி, அந்த விதிக்கான அம்புகளைப் புதுத் தாளில் நான் வரைவேன்.