எங்கள் தோப்புக்குப் பெரிய டிராக்டர் ஆகவில்லை

மாதேஷ் அண்ணா, உனக்குக் கேட்கிறதோ இல்லையோ, ஊருக்கே சொல்கிறேன்.

ஜவளகிரி பக்கம் எங்களுக்கு இருப்பது சரிவான சின்ன மாந்தோப்பு. நாலு பேர் மெச்ச வேண்டும் என்று அண்ணன் பெரிய டிராக்டராக வாங்கினான். மரங்களுக்கு நடுவே திரும்ப இடம் போதாமல், வரப்பில் ஏறி வண்டி கவிழ்ந்தது. அண்ணன் போய்விட்டான்.

அந்த டிராக்டரை விற்றுவிட்டு, மர இடைவெளியைக் கயிற்றில் அளந்துகொண்டு ஓசூர் ஷோரூமுக்குப் போனேன். ஒவ்வொரு வண்டிக்கும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். கூட வந்த மாமாவுக்கு வெட்கம்.

"ஏம்மா, பொம்ம வண்டியா வாங்கப்போற? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. ஓட்டப்போறது நான்தான?"

மினி டிராக்டர்தான் வாங்கினேன். நானே ஓட்டுகிறேன். கவிழ்ந்துவிடும் என்று சரிவில் குறுக்கே விடுவதே இல்லை.

என் மாதேஷ் அண்ணனுக்காக எல்லோரும் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.