மலருக்குள் மாட்டிக்கொண்ட படம்

சென்ற வருடம் பங்குனி மாதம், அக்கரப்பத்தனைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். அதற்கு ஒரு சிறப்பு மலர் வெளியிட வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. அரசாங்க அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்று ஹட்டனில் சும்மா இருக்கிறவன் என்பதால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். சும்மா இருக்கிறவனுக்கு வேலை தேடிக் கொடுப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது.

மலர் என்றால் முக்கால்வாசி வாழ்த்துரை. பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருடையதை இன்னொருவருக்குப் போட்டுவிடலாம். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பக்கம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கிப் பிடியரிசி சேர்த்து, அந்தக் கோயிலுக்கு அடிக்கல் போட வைத்த ஓர் அம்மாவைப் பற்றிய பக்கம் அது. தேயிலைக் கொழுந்து பறித்தவர். இறந்து வெகுகாலமாகிறது. அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு படம். அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு பழைய சீலையில் சுற்றி, பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய மகள். அவரும் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்தான். மலருக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்த கடைக்காரர் படத்தை ஸ்கேன் செய்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் மின்கசிவால் அந்த மகள் குடியிருந்த லயம் எரிந்துபோனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. வீட்டுச் சாமான்களோடு சுவரில் மாட்டியிருந்த படமும் போனது.

“உசுருக்கு ஒன்னுமில்ல சேர், அது போதும். எங்கம்மா படந்தான் ஒங்ககிட்ட பத்திரமா இருக்கே” என்று மகள் போனில் சொன்னார்.

இருக்கிறது என்றேன். அன்று பின்னேரமே கடைக்காரரின் கணினியில் மலர்க் கோப்பு திறக்க மறுத்துவிட்டது.

மறுத்தது என்பது மரியாதையான சொல். திறக்கும். முதல் பக்கம் பாதி தெரியும். பிறகு ‘எதிர்பாராத பிழை’ என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு மென்பொருளே மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் மறுபடி அதே எதிர்பாராத பிழை. அது எத்தனையாவது முறையில் எதிர்பார்த்த பிழையாகும் என்று கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

ஸ்கேன் செய்த படம் தனியாக இருக்குமே என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“இல்லீங்க சேர். மலருக்குள்ள போட்டாச்சின்னா தனிப்படத்த அழிச்சிருவேன். இல்லாட்டி மிஷின் நெறஞ்சிருதுல்ல?”

பிழை திருத்த அச்சடித்த தாளிலாவது பார்க்கலாம் என்றால், மை தீரும் நேரத்தில் எடுத்த தாள் அது. அம்மா இருந்த இடத்தில் ஒரு கரிக்கட்டை இருந்தது.

எனக்குத் தெரியாத முறையா? மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் மட்டும் கைவைத்தேன். மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். வெறுங்கோப்பு ஒன்றைத் திறந்து அதற்குள் பக்கங்களை இழுத்துப் பார்த்தேன். பிறகு வேறு கணினியில் திறப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் அந்தக் கணினியில் அதே தமிழ் எழுத்துருவை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் தமிழெல்லாம் தலைகால் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். இது பாலர் பாடம். ஆகவே கடைக்காரரின் கணினியில் இருந்த எழுத்துருவையும் கோப்பையும் ஒரே பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக் கணினியில் முறைப்படி எழுத்துருவை ஏற்றிவிட்டுத் திறந்தேன். மூடிக்கொண்டது. நுவரெலியாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய் அங்கேயும் முறைப்படி ஏற்றித் திறந்தேன். அங்கேயும் அதே கதை.

இதற்குள் கமிட்டிக்காரர்கள் போனில் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் வைரஸ் என்றார். இன்னொருவர், “வாழ்த்துரைதான் எல்லாம் கைவசம் இருக்கே சேர், புதுசா அடிச்சிருவோம். அந்தம்மா படத்துக்குப் பதிலா ஒரு மாரியம்மன் படத்தப் போட்டா முடிஞ்சிச்சி” என்றார். அதை யாரோ மகளிடம் சொல்லியும் விட்டார்கள்.

மறுநாள் காலை அவர் ஹட்டனில் என் வாசலில் நின்றார்.

“மாரியாத்தா படம் எல்லா வீட்லயும் இருக்கு சேர். எங்கம்மா எந்த வீட்ல இருக்கு?”

அவரையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பெயர்ப் பலகையும் பில் புத்தகமும் செய்துகொடுக்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வேலை செய்வார். ஆனால் அதே மென்பொருள் அவரிடமும் இருந்தது. நான் பென் டிரைவைச் செருகி, முதலில் எழுத்துருவை ஏற்ற வேண்டும், பிறகு கணினியை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன்.

“சேர், கொஞ்சம் தள்ளுங்க. ஒங்க சடங்கு சம்பிரதாயம் முடியிறதுக்குள்ள எனக்கு அஸர் தொழுகைக்கே நேரமாயிரும்” என்று சொல்லிக்கொண்டே நானா நேராகக் கோப்பைத் தட்டினார். எழுத்துரு இல்லை, பரவாயில்லையா என்று ஒரு பெட்டி கேட்டது.

“நானா, வேண்டாம், முதலில்…” என்றேன். அவர் பரவாயில்லை என்று அழுத்திவிட்டார்.

கோப்பு திறந்தது. திறந்தபடியே நின்றது.

தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிக் கிடந்தது. ஒரு பிரமுகரின் வாழ்த்துரையை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். பொருள் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. நானா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் குப்பை எழுத்துகளுக்கு மேலே, மூக்குத்தியும் வெயிலுக்குச் சுருக்கிய கண்ணுமாக, படம் எடுப்பவரைத் திட்டப்போகிறவர் போல அந்த அம்மா இருந்தார்.

கோளாறு கோப்பில் இல்லை, எழுத்துருவில்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்காரரின் கணினியில் எப்படியோ கெட்டுப்போன எழுத்துருவை நானே பென் டிரைவில் சுமந்து போய், கணினி கணினியாக, முறை தவறாமல் ஏற்றியிருக்கிறேன். காய்ச்சல்காரனைக் கைப்பிடித்து வீடு வீடாகக் கூட்டிப்போய்விட்டு, எல்லா வீட்டிலும் காய்ச்சலாக இருக்கிறதே என்று அதிசயப்பட்டவன் நான். இதை நான் சத்தமாகவே விளக்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. மகள் என் கையைத் தட்டினார்.

“காரணத்த அப்புறமாச் சொல்லுங்க சேர். மறுபடி மூடிக்கிறதுக்குள்ள மொதல்ல எங்கம்மாவ வெளிய எடுங்க.”

எடுத்தோம். நானாவின் கணினியில், பென் டிரைவில், என் போனில் என்று போட்டு வைத்தோம். நானா நல்ல தாளில் சில பிரதிகள் அடித்துக் கொடுத்தார். பிறகு வேறோர் இடத்திலிருந்து நல்ல எழுத்துருவைக் கொண்டுவந்து ஏற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. வாழ்த்துரைகளும் திரும்பி வந்துவிட்டன. அதற்கு நான் பொறுப்பல்ல. மலர் கும்பாபிஷேகத்துக்கு முன்பே வந்தது, அந்த அம்மாவின் படத்தோடு.

கும்பாபிஷேகத்தன்று மகள் ஒரு பிரதியைச் சட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். “ஒரு வீட்ல மட்டும் வச்சா நெருப்பு திங்கிது. ஒரு மிஷின்ல மட்டும் வச்சா மிஷின் திங்கிது. ஒங்க வீட்லயும் ஒன்னு தொங்கட்டும் சேர்.”

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனால் ஏதாவது ஒரு காரியம் எவ்வளவு ஒழுங்காகச் செய்தும் திரும்பத் திரும்பத் தவறும்போது, திட்டப்போகிற அந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோளாறை நானேதான் கையில் கொண்டுவந்திருக்கிறேனா என்று முதலில் என் பையைச் சோதித்துக்கொள்கிறேன்.